கோதிக் சிற்பமும் சுதேசியமும்

1834-ம் வருஷம் அக்டோபர் மாதம் 16-ந் தேதி லண்டன் பார்லிமெண்டு மாளிகை தீக்கிரையாயிற்று. பொக்கிஷத்தார் பழங்காலத்தில் கணக்குக்காக வைத்திருந்த மரக்கோல்களை உலையிலிட்டு எரித்ததே காரணம். பல தேசங்களில் வரி தண்டிய ராஜாங்கத்தின் மாளிகை தன் சொந்தப் பழங்கணக்காலேயே வெந்து போயிற்று! அது கிடக்க. புதிய மாளிகையைக் கோதிக் முறையிலேனும் எலிஸபெத் ராணி காலத்து முறையிலேனும் கட்ட வேண்டுமென்று 1835-ல் நிபந்தனை விதித்தார்கள். கிரேக்க ரோமானியத் தூண்கள் இரவற் சரக்கு, கூர்வளைவும் ஓங்கிய கோபுரமுமே தம் மூதாதையர் வைத்துச் சென்ற செல்வம் என்ற எண்ணம் அவர்களிடையே வலுத்திருந்தது. பாரி என்பவர் கட்டடத்தை வகுத்தார். பியூஜின் அதன் அலங்காரங்களை வரைந்தளித்தார்.

உள்ளபடி பார்த்தால், கோதிக் முறை 12-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரை அடுத்த ஸேன் டெனி தேவாலயத்தில் தலையெடுத்தது. எனினும் ஆங்கிலேயர் அதைத் தமதெனக் கொண்டாடியதை நாம் குறைகூற மாட்டோம். நாம் கேட்பது வேறு. தம் முன்னோர் கலையைப் புதுப்பிக்க முனைந்த அதே 1835-ல்தானே, மெக்காலே பிரபு நம் முன்னோர் கல்வியைத் துச்சமென்று தள்ளிக் குறிப்பெழுதினார்? லண்டனில் பழமை பெருமை; கல்கத்தாவில் அதுவே மூடத்தனம். இது என்ன நியாயம்?

இம்முரண்பாடு ரஸ்கினையும் விடவில்லை. கோதிக் கட்டடத்தின் உயிர் அதைச் செதுக்கிய தொழிலாளியின் சுதந்திரத்தில் இருக்கிறதென்று 1853-ல் அவர் எழுதினார். அளவு பிசகாத வேலையை வற்புறுத்துகிறவன் மனிதனை யந்திரமாக்குகிறான். பிழையோடு கூடியதாயினும் தன் மனம்போலச் செதுக்குகிறவனே மனிதன் என்பது அவர் கொள்கை. அரிய கொள்கை! ஆனால் 1857-ம் வருஷக் கிளர்ச்சிக்குப் பின், 1858-ல் பேசுகையில் அவரே நம் சிற்பத்தையும் நம் ஜனங்களையும் ஒருங்கே நிந்தித்தார். அப்படியிருந்தும், 1904-ல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் சென்ற காந்தியடிகள் ரஸ்கினுடைய ‘அண்டு திஸ் லாஸ்ட்’ நூலைப் படித்துத் தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். 1908-ல் அதன் சாரத்தைச் ‘சர்வோதயம்’ என்று குஜராத்தியில் தந்தார். இகழ்ந்தவரிடத்தும் கொள்ளத்தக்கதைக் கொள்ளும் பெருந்தன்மை அடிகளுக்கு இருந்தது.

பம்பாய் ரயில் நிலையத்தையும் நாம் இந்த நோக்கோடு காண்கிறோம். 1878-ல் தொடங்கிய அக்கோதிக் மாளிகை விக்டோரியா ராணியின் பெயரால் எழுந்து, இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. வகுத்தவர் ஸ்டீவன்ஸ் என்று நூல்கள் சொல்லும். அதன் இலையையும் பூவையும் செதுக்கியதில் பம்பாய்ச் சிற்பப் பள்ளி மாணவருக்குப் பெரும் பங்குண்டு. அவர்களில் எத்தனை பேருடைய பெயரை அந்நூல்கள் சொல்லும்?

அந்நியன் கட்டியதென்று அதை வெறுப்பாரோடு நமக்கு உடன்பாடில்லை; கை நம்முடையது. இத்தகைய கட்டடங்களைப் பழுதுபார்க்கப் பொருள் ஒதுக்கும் சர்க்கார், உளி பிடிப்பவனுக்கு நியாயமான கூலி கொடுத்து, அவன் பெயரையும் அங்கே ஒரு கல்லில் பொறிக்கட்டும்.