மேய்க்காலை மீட்போம், தீவனம் விதைப்போம்!

விவசாயத் தோழர்களே!

2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசே அறிவித்தது. அன்று பட்ட பாடு மறந்துபோச்சா? வைக்கோல் கிடைக்காமல் கறவை மாட்டை வந்த விலைக்குத் தள்ளினோமே!

மழை பொய்த்தாலும் வேலிமசால் தாக்குப்பிடிக்கும். அறுக்க அறுக்கத் துளிர்க்கும். தீவனச் சோளத்தோடு காராமணி கலந்து விதைத்தால் இரண்டே மாதத்தில் பசுந்தீவனம். (வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம், உஷார்!)

ஆனா விதைக்க நிலம் எங்கே? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட்டுக்குப் போனது போக மிச்சமிருக்கும் மேய்க்கால் புறம்போக்கையாவது காப்பாத்த வேண்டாமா? பொதுநிலத்தை மீட்டு ஊருக்கே ஒப்படைக்க 2011-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே!

அரசே! மேய்க்காலை அளந்து கல் நடு! தீவன விதையை இலவசமாகக் கொடு!

கிராமசபையில் தீர்மானம் போடுவோம். திரண்டு வாரீர்!