வண்டி என்ன பாவம் செய்தது?

தமிழ்நாட்டில் எந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு வண்டிக் குவியல் இருக்கும். டயர் மண்ணில் புதைந்த ஆட்டோ, கண்ணாடி இல்லாத அம்பாசடர், சீட்டுக்குள் செடி முளைத்த பைக். பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டு, "எல்லாம் திருட்டு வண்டி போல" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

எல்லாம் திருட்டு வண்டி இல்லை சாமி! விபத்தில் சிக்கியது, பெர்மிட் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டது, யாரோ இரவல் வாங்கிப் போய் வம்பில் மாட்டியது என்று பல ரகம். அட, வண்டியைப் பறிகொடுத்தவர் புகார் கொடுத்து, போலீஸே கண்டுபிடித்து மீட்ட வண்டியும் அதே வெயிலில்தான் நிற்கும்.

"தப்பு செஞ்சான், அனுபவிக்கட்டும்" என்று கேன்டீனில் ஒரு கோஷ்டி எப்போதும் சொல்லும். அவர்களிடம் ஒரே கேள்வி. தப்பு செய்தான் என்று யார் தீர்ப்பு சொன்னது? வழக்கு முடிய வருஷக்கணக்காகும். அதுவரை மழையிலும் வெயிலிலும் நிற்கும் ஆட்டோவில் முதலில் பேட்டரி சாகும். அப்புறம் டயர் வெடித்துப் போகும், வயரிங்கை எலி தின்னும், டேங்க் துருப்பிடிக்கும். சில சாமான்களுக்குக் கால் முளைத்து நடந்து போவதும் உண்டு. ஆட்டோக்காரருக்கோ தினசரி வருமானம் போயிற்று, ஆனால் தவணை மட்டும் மாசம் தவறாமல் வரும். கடைசியில் கோர்ட்டு சில ஆயிரம் அபராதம் போடலாம், விடுதலையும் செய்யலாம். அதற்குள் வண்டி காயலான் கடை விலைக்கு வந்திருக்கும். இதில் எது தண்டனை, சொல்லுங்கள்?

இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்துப் பொங்குவது இல்லை. உச்ச நீதிமன்றமே 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் நெடுநாள் வைத்திருப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தகுந்த பத்திரமும் ஜாமீனும் வாங்கிக்கொண்டு மாஜிஸ்திரேட் உடனே விடுவிக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்த வழக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? குஜராத்தில் ஒரு ஸ்டேஷனில் இருந்த வழக்குப் பொருட்களைப் போலீஸ்காரர்களே மாற்றி வைத்தார்கள், அனுமதி இல்லாமல் ஏலம் விட்டார்கள் என்ற குற்றச்சாட்டிலிருந்து! 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, வண்டி மண்ணில் பத்திரமாகப் புதைந்திருக்கிறது.

இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-வது பிரிவு, கோர்ட்டில் ஒப்படைத்த பொருளின் விவரப் பட்டியலை 14 நாளில் தயாரிக்கச் சொல்கிறது. போட்டோவும், தேவைப்பட்டால் வீடியோவும் எடுக்க வேண்டும், அவற்றையே விசாரணையில் சாட்சியமாக வைத்துக்கொள்ளலாம். அதன் பின் 30 நாளுக்குள் பொருளை ஒப்படைப்பதா, பறிமுதல் செய்வதா, வேறு விதமாகத் தீர்ப்பதா என்று உத்தரவு போட வேண்டும்.

ஆகா, பிரமாதம் என்று கைதட்டத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். "தீர்ப்பது" என்றால் உங்கள் கையில் கொடுப்பது மட்டும் இல்லை, ஏலமும் அதற்குள் அடக்கம். பழைய ஆபத்து, வண்டி கேட்பாரற்று அழுகுவது. புதிய ஆபத்து, விவரம் தெரியாத ஏழை கேட்டு வருவதற்குள் வண்டி ஏலத்தில் போய்விடுவது. வேகம் நல்லதுதான். யாருக்கு முதலில் சொல்லிவிட்டு அந்த வேகம் என்பதுதான் கேள்வி.

ஹெல்மெட் போடாமல் போனால் அபராதச் செய்தி நம் செல்போனுக்குத் தேடி வருகிறது. நம்பர் பிளேட்டை வைத்துப் பெயர், முகவரி, போன் எல்லாம் எடுக்கத் தெரிகிறது. அதே நம்பர் பிளேட் உள்ள வண்டியை ஏலம் விடும்போது மட்டும் "உரிமை கோரப்படாத வாகனங்கள்" என்று பேப்பரில் பொடி எழுத்தில் ஒரு விளம்பரம்! காசு வாங்க விலாசம் தெரிகிறது, வண்டியைக் கொடுக்க விலாசம் தெரியவில்லை. என்ன கொடுமை சார் இது?

இதில் நம் மக்கள் செய்யும் கூத்தும் உண்டு. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினால் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டால், நோட்டீஸ் பழைய ஓனர் வீட்டுக்குப் போகும். அவர் அதைச் சுருட்டிப் போட்டுவிடுவார். கோர்ட்டில் போய் "என் வண்டி" என்று நின்றாலும் ஆர்.சி. புத்தகம் வேறு பெயரைச் சொல்லும்.

என் கட்சி இதுதான். மணல் கடத்தல், கஞ்சா மாதிரி வழக்குகளுக்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறேன். மற்ற வண்டிகளில், "கொடுங்கள்" என்று உரிமையாளர் அலையக் கூடாது. "இன்ன காரணத்துக்காக இது எங்களுக்கு வேண்டும்" என்று போலீஸ்தான் கோர்ட்டில் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லையா, போட்டோ எடுத்துவிட்டு அனுப்புங்கள். ஏலம் என்றால், ஆர்.சி.யில் உள்ளவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் போனிலும் தபாலிலும் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் ஒரு பைக் கூட நகரக் கூடாது. 2020 ஊரடங்கில் லட்சக்கணக்கில் வண்டி பிடித்தார்கள், திருப்பிக் கொடுக்கவும் வழி செய்தார்கள். மனசு வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அதுவரை, யாராவது மாட்டினால் செய்ய வேண்டியது:

1. எந்தப் பிரிவில் பிடித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். ஆர்.சி., பெர்மிட் இல்லாமல் மோட்டார் வாகனச் சட்டம் 207-ல் பிடித்திருந்தால், உரிய ஆவணங்களோடு போக்குவரத்து அதிகாரியிடமோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ விண்ணப்பித்தால் விடுவிக்கலாம்.

2. குற்ற வழக்கு என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு. ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை, ஜாமீன்தார் தயாராக இருக்கட்டும். விற்க மாட்டேன், கேட்கும்போது கொண்டுவருவேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள்.

3. ஆர்.சி.யில் உள்ளவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழுக்கு அன்றே ஓடுங்கள்.

4. "கேஸ் முடியட்டும் தம்பி" என்று ஸ்டேஷனில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். வண்டியைக் கொடுக்க கேஸ் முடிய வேண்டியதில்லை.

போலீஸ்காரர்களுக்கும் இது நல்லதுதான். நிற்க இடமில்லாத ஸ்டேஷனில் துருப்பிடித்த இரும்புக்கும் அதில் குடியிருக்கும் பாம்புக்கும் காவல் இருக்க யாருக்கு ஆசை? அடுத்த தடவை அந்தக் குவியலைப் பார்த்தால், ஒவ்வொரு வண்டிக்கும் தவணை கட்டிக்கொண்டு ஒருவர் எங்கோ இருக்கலாம் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. வண்டி மாட்டினால் என்னைத் தேடாமல் நல்ல வக்கீலைத் தேடவும் :-)