ஆடிக்குள் நிற்பவர்

சிகாகோவின் மில்லேனியம் பூங்காவில் அனிஷ் கபூர் வடித்த ‘கிளவுட் கேட்’ சிற்பத்தின் முன் மனைவி, மகளோடு எடுத்துக்கொண்ட படத்தை இலக்கிய நண்பர் ஒருவரிடம் காட்டினேன். “சிற்பத்தைப் பார்க்கப் போனீர்களா, உங்களைப் பார்க்கப் போனீர்களா?” என்று கேட்டார். கலையின் முன் மௌனமாக நிற்கத் தெரியாத கூட்டம் அங்கே தன் முகத்தைத்தான் தேடுகிறது என்பது அவர் வாதம். நம் வட்டாரத்தில் பலரும் சொல்வதுதான். எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை.

அந்தச் சிற்பம் 168 எஃகுத் தகடுகளால் ஆனது. பத்து மீட்டர் உயரம், இருபது மீட்டர் நீளம். 2004இல் பூங்கா திறக்கப்பட்டபோது தகடுகளின் இணைப்புகள் வெளியே தெரிந்தன. அவற்றைத் தேய்த்து மெருகேற்றி முடிக்க 2006 ஆயிற்று. ஒட்டிய தடமே தெரியக்கூடாது என்பதற்காக இத்தனை உழைப்பு. எதற்காக? பார்ப்பவர் கண் எஃகில் தங்காமல் வானத்தையும், மிச்சிகன் அவென்யூவின் கட்டடங்களையும், தன்னையும் காண்பதற்காக. தன்னை மறைத்துக்கொள்வதையே இலக்காகக் கொண்ட ஒரு பரப்பின்முன் ‘சிற்பத்தை மட்டும் பார்’ என்பது, எவர்சில்வர் சொம்பில் முகம் பார்த்துச் சிரிக்கும் குழந்தையிடம் சொம்பின் எடையைக் கேட்பது போன்றது.

நண்பரின் பிழையை வேறொரு வடிவில் அந்த நகரமே செய்தது. 2005இல் தொழில்முறை ஒளிப்படக்காரர்களைக் காவலர்கள் தடுத்து, அனுமதிச்சீட்டு கேட்டனர். பதிப்புரிமை கலைஞருடையது என்றது நகர நிர்வாகம். குடும்பப் படங்களுக்குத் தடையில்லை என்பது உண்மைதான். சட்டப்படி சிற்பம் கபூருடையதாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பரப்பில் தெரியும் மேகம் யாருடையது? என் மகளின் கோணல் சிரிப்பு யாருடையது? ரசிகரும் காவலரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: எதிரே நிற்கும் மனிதரை, படைப்புக்குள் அத்துமீறி நுழைந்தவராகக் காண்கிறார்கள்.

‘இது தற்காதல்’ என்பது அடுத்த குற்றச்சாட்டு. என் தந்தையார் எடுத்த படங்களால் எங்கள் வீட்டு ஆல்பம் நிறைந்திருக்கிறது. அம்மா, அக்கா, நான், அத்தைகள், கோயில் யானைகூட உண்டு. அவர் மட்டும் இல்லை. கேமராவைப் பிடித்தவருக்குப் படத்தில் இடமில்லை என்பதே நாம் பழகிய விதி. சிகாகோவில் அந்த விதி செல்லாது. நேரே நின்று எடுத்தால், நம்மை அழைத்து வந்தவரும் கைகளை உயர்த்தியபடி, சிறுத்து வளைந்து, குடும்பத்தோடு நிற்பார். அருகிலேயே பெயர் தெரியாத நூறு பேரும் நிற்பார்கள். தற்காதல் கொண்டவன் தன்னைப் பெரிதாக, தனியாகப் பார்க்க விரும்புவான். இந்த ஆடியோ நம்மைக் கடுகாக்கிக் கூட்டத்தில் கலந்துவிடுகிறது.

சிகாகோவாசிகள் இதை ‘பீன்’ என்கிறார்கள். அந்தப் பெயரைக் கபூர் தொடக்கத்தில் விரும்பவில்லை. மக்கள் அவரிடம் அனுமதி கேட்கவுமில்லை. பொது இடத்தில் வைத்த படைப்பைப் பொதுமக்கள் எடுத்துக்கொள்வது அப்படித்தான்.

நண்பருக்கு என் பதில் இதுதான்: ஆம், எங்களைப் பார்க்கத்தான் போனோம். என் தந்தையாருக்குக் கிட்டாத இடம் எனக்கு அங்கே கிட்டியது. அதைத் தந்த சிற்பத்தை நான் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.