நம்ம ஆள்தானே என்று பில் வாங்காமல் வந்தோம்

பலகடுவ ஏற்றத்தில் எங்கள் வேகன் ஆர் நின்றுவிட்டது. எஞ்சின் ஜேம். வாங்கி இரண்டு மாதம், விற்ற கார் சேல்காரரே ஒயில் மாற்றித் தந்து மூன்று நாள். மாத்தளையில் பாஸ் கழற்றிப் பார்த்தார். பழைய ஒயில் பில்டரின் றப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதிய பில்டரைப் பூட்டியிருக்கிறார்களாம். இரண்டு வளையம் அழுத்தம் தாங்காது, ஒயில் பீறிப் போய்விடும்.

"சிவப்பு லைட் எரிந்ததும் ஏன் நிறுத்தவில்லை சேர்?" என்கிறார் சேல்காரர். நியாயம்தான். அந்த வளைவில் ஓரங்கட்ட இடம் தேடினோம், அதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் வளையத்தை விட்டது நாங்களா?

எங்கள் பிழை, பில் கேட்காதது. 2020இல் இறக்குமதி நின்றபின் ஏறிய விலைக்குப் பழைய கார் வாங்கும் நாம், ஒரு துண்டுக் கடதாசி கேட்கக் கூச்சப்படுகிறோம். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் சேவைகளுக்கும் பொருந்தும். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொலைபேசி 1977.

ஊருக்குள் பேசித் தீர்க்கச் சொல்கிறீர்கள். பேசுவோம். ஆனால் கடிதமும் போகும். பில்டரையும் இரண்டு வளையங்களையும் பையில் கட்டி வைத்திருக்கிறோம்.