மசாடாவில் மாண்டவரும் மீண்டவரும்

“எல்லாரும் செத்துப்போச்சினமெண்டால், இந்தக் கதையை ஆர் சேர் வந்து சொன்னது?”

மசாடாக் கோட்டையிலிருந்தோர் அடிமைப்பட மறுத்து ஒருசேர மாண்ட கதையை வழக்கமான உருக்கத்தோடு நான் கூறி முடித்ததும், மாணவியொருத்தி இவ்வாறு வினவினாள். வீரவழிபாட்டில் மூழ்கிய பேரறிஞர் பலருக்குத் தோன்றாத வினா அது.

கி. பி. 70இல், பல மாத முற்றுகையின் பின் யெரூசலேம் உரோமரிடம் வீழ்ந்தது, ஆலயம் எரிந்தது. சாக்கடலோரத்து மலையுச்சியில் ஏரோது மன்னன் வலுப்படுத்திய மசாடா கிளர்ச்சியாளர் வசமே நின்றது. கி. பி. 73 அல்லது 74இல் உரோமத் தளபதி சில்வாவின் படை மேற்புறத்தே மண்மேடு எழுப்பி மதிலை உடைத்தது. தலைவன் எலெயாசரின் சொற்கேட்டு ஆடவர் தம் மனைவி மக்களைக் கொன்று, பின் தாமும் மாண்டனர் என்பர், தொகை 960.

இதனை விடுதலைக் காவியமாக்கினர் இருபதாம் நூற்றாண்டுச் சியோனிசவாதிகள். இஸ்ரேலியக் கவசப்படையினர் பல்லாண்டுகள் அவ்வுச்சியிலே சத்தியப்பிரமாணம் செய்தனர். 1963 முதல் 1965 வரை யிகேல் யாதின் நடத்திய அகழ்வில் வெளிப்பட்ட எலும்புகள், எவருடையவை என்ற ஐயம் தீராமலே, 1969இல் படைமரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன.

கதைக்கு ஆதாரம் யோசேபசின் நூல் ஒன்றே. அந்நூலிலே வேறொன்றும் உளது. மசாடாவினர் ‘சிக்காரி’ எனப்பட்ட குறுவாட் கூட்டத்தினர். பாஸ்காத் திருநாளில் அயலூரான என்கேதிக்குள் புகுந்து, பெண்களும் குழந்தைகளுமாக எழுநூற்றுவருக்கு மேற்பட்ட சொந்த இனத்தாரைக் கொன்று, விளைபொருளைக் கவர்ந்து மலையேறியோர் இவர்களே. கி. பி. 66இல் யெரூசலேமில் வட்டிக்காரரின் கடன்பத்திரங்களை எரித்த கிளர்ச்சியிலும் இக்கூட்டத்தினர் பங்குகொண்டனர்! ஏழையின் கடனை எரித்த கை, பின்னர் ஏழையின் களஞ்சியத்துள் நுழைந்தது எவ்வாறு என்பதன்றோ மாணவர் ஆராயத்தக்கது?

யோசேபஸ் உரோமரிடம் சரணடைந்து அவர்தம் தயவில் வாழ்ந்தவர். அவர் சொல்லை நம்பலாமோ என்பார் உளர். நம்பாதொழிக! ஆயின் 960 பேரின் சாவையும் நம்பாதொழிக. ஒரே நூலின் ஓரேட்டைப் பாடமாக்கி மற்றோரேட்டை மறைப்பது எவ்வகை வரலாறு? தந்தையின் வாளுக்கு இரையான குழந்தையையும் ‘தன்னுயிர் ஈந்த தியாகி’ என எழுதக் கூசாத பேனாக்கள் இவை. அக்குழந்தையின் சம்மதத்தை எவர் கேட்டார்?

மாணவியின் வினாவுக்கு விடையும் யோசேபசிடமே உண்டு. ஒரு முதியவளும் எலெயாசரின் உறவினளான ஒருத்தியும் ஐந்து குழந்தைகளுடன் நிலத்தடி நீர்க்கால்வாயில் ஒளிந்திருந்தனர். மறுநாட் காலை உரோமர் உட்புகுந்து எழுப்பிய ஆரவாரங் கேட்டு வெளிவந்த அப்பெண்களே நடந்ததை உரைத்தனராம். எலெயாசரின் பெயரைப் பொறித்துவைத்த யோசேபஸ், அவ்விருவரின் பெயர்களையும் எழுதவில்லை.