இரண்டு கிலோ கேழ்வரகில் ஒரு வெள்ளை மணி

மதிப்பிற்குரிய தருமபுரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு அறிவியல் கூடம் கேட்டு எழுதுகிறேன். கோளரங்கமோ ராக்கெட் மாதிரியோ கேட்கவில்லை. மிக மிகச் சிறியவை எவ்வளவு சிறியவை, எவ்வளவு குறைவாக இருந்தாலும் என்ன செய்யக்கூடியவை என்பதைக் கையால் தொட்டு உணர ஒரு கூடம் வேண்டும். அதைக் கேட்கும் உரிமை தருமபுரிக்கு மற்ற ஊர்களைவிட அதிகம் என்று நினைக்கிறேன்.

காரணம் தங்களுக்குத் தெரிந்ததுதான். நம் காலடியில் கிடப்பது கிரானைட்டும் அதையொத்த பழம்பாறைகளும். அவற்றின் தாதுக்களிலிருந்து புளோரைடு மெல்ல மெல்ல போர் தண்ணீரில் கரைகிறது. நிறமோ மணமோ இல்லை. காய்ச்சினாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியத் தர நிர்ணயம் இன்னும் கறாரானது: 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை போகலாம். இந்த அளவு மீறிய ஊர்களுக்காகத்தான் 1,928 கோடி ரூபாயில், ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. அந்தத் தண்ணீர் வந்தது பெரிய காரியம். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் கை போர் தண்ணீருக்குத்தான் போகிறது. ஏன் போகக் கூடாது என்று வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல நம்மிடம் ஓர் எண் மட்டுமே இருக்கிறது. 1.5 மில்லிகிராம் என்று ஒப்பிக்கிற பிள்ளைக்கு, அது எவ்வளவு என்று எங்கே காட்டுவோம்?

இதைக் கேழ்வரகில் காட்டலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைடு உள்ள தண்ணீரில், ஏறத்தாழ ஏழு லட்சம் நீர் மூலக்கூறுகளுக்கு ஒரு புளோரைடு அயனி இருக்கிறது. ஆயிரம் கேழ்வரகு மணிகள் இரண்டரை, மூன்று கிராம் இருக்கும். அப்படியானால் ஏழு லட்சம் மணி என்பது சுமார் இரண்டு கிலோ. ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு கிலோ கேழ்வரகைக் கொட்டி, ஒரே ஒரு மணிக்கு வெள்ளைச் சாயம் பூசிக் கலந்துவிடுங்கள். பிள்ளைகள் கையை விட்டுத் துழாவித் தேடட்டும். வரம்பு அந்த ஒரு மணிதான். பக்கத்துத் தொட்டியில் அதே இரண்டு கிலோவில் இரண்டு வெள்ளை மணிகள் இருக்கட்டும். அது லிட்டருக்கு 3 மில்லிகிராம், அதாவது வரம்பைப் போல் இரு மடங்கு.

ஏழு லட்சத்தில் ஒன்று என்ன செய்துவிடும் என்று எந்தப் பிள்ளையும் கேட்கும், கேட்க வேண்டும். அதற்கான பதில் அடுத்த சுவரில் இருக்கட்டும். அதே தண்ணீரில் ஒரு லிட்டரில் உள்ள புளோரைடு அயனிகளை எண்ணினால், ஐந்து எழுதி அதன்பின் 19 சுழியம் போட வேண்டும். தினமும் அத்தனையும் உள்ளே போகின்றன. அதில் ஒரு பகுதி பல்லிலும் எலும்பிலும் தங்கிவிடுகிறது.

இன்னொரு சுவருக்கும் கேழ்வரகையே அளவுகோலாக வைக்கலாம். ஒரு நீர் மூலக்கூறு ஒரு கேழ்வரகு மணி அளவுக்குப் பெருத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் உண்மையான கேழ்வரகு மணி எட்டு கிலோமீட்டர் அகலமாகிவிடும். தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட அதியமான்கோட்டை வரைக்கும். தலைமுடியின் தடிமன் 400 மீட்டர். இரத்தச் சிவப்பணு 40 மீட்டர். ஒரு பாக்டீரியா பத்து மீட்டர், வைரஸ் அரை மீட்டர். புளோரைடு அயனி? அது நீர் மூலக்கூறு அளவேதான், அதுவும் ஒரு கேழ்வரகு மணி. துணி வடிகட்டியில் ஏன் நிற்காது, தலைகீழ் சவ்வூடு பரவலோ அதை ஈர்த்துப் பிடிக்கும் அலுமினாவோ ஏன் தேவை என்பது அந்தச் சுவரைப் பார்த்தாலே விளங்கும். பாடநூலில் அமீபாவும் அணுவும் ஒரே பக்க அளவில் அச்சாவதால், இந்த வித்தியாசம் பிள்ளைகளின் மனதில் ஏறுவதே இல்லை.

எங்கள் தலைமுறைக்கு அறிவியல் அருங்காட்சியகம் என்றால் பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம்தான். 1962இல் நேரு திறந்துவைத்தது. சென்னையைவிட எங்களுக்கு அது பாதித் தொலைவு. பள்ளிச் சுற்றுலாப் பேருந்து லால்பாக், விதான சௌதா எல்லாம் முடித்து அங்கே நிற்கும். நீராவி எந்திரத்தின் அருகில் நின்றபோதுதான் ஓர் எந்திரம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் அது புத்தகத்தில் வெறும் படம். பொத்தானை அழுத்தினால் ஏதோ ஒன்று சுழலும், விளக்கு எரியும். வாத்தியார் விசில் ஊதும்வரை நாங்கள் நகர மாட்டோம். விளக்கப் பலகைகளில் ஒரு வரிகூட நினைவில்லை. என் கை செய்தது மட்டும் அப்படியே இருக்கிறது. பெரியவற்றைக் காட்ட அவற்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். சிறியவற்றுக்கு யாராவது கணக்குப் போட்டு, பெரிதாக்கி, கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும். அதனால்தான் தனிக் கூடம் கேட்கிறேன்.

திருநெல்வேலியில் 1987 முதல் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் மன்றத்தின் கீழ் மாவட்ட அறிவியல் மையம் நடக்கிறது. அதுபோல் ஒன்று இங்கே வர முன்மொழிவு அனுப்புங்கள். அது வரக் காலமாகும் என்பதும் தெரியும். அதுவரை ஓர் அரசுப் பள்ளியின் காலியான வகுப்பறை போதும். கேழ்வரகு நம் உழவர் சந்தையில் கிடைக்கும். நுண்ணோக்கி வாங்கப் பெருந்தொகை வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் வடிவமைத்த ஃபோல்ட்ஸ்கோப், காகிதத்தை மடித்துச் செய்வது, மலிவானது. பாக்டீரியா வரை அதில் முயலலாம். அதற்கும் கீழே இறங்கத்தான் கேழ்வரகு.

இன்னும் ஒன்று, எனக்கு இதுதான் முக்கியம். அந்த அறையில் ஒரு மேசை தண்ணீர்ச் சோதனைக்கு இருக்கட்டும். பென்னாகரத்திலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ வரும் பிள்ளை, தன் தெருப் போர் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரட்டும். சோதனைக் கரைசலை விட்டதும் புளோரைடு கூடக் கூட இளஞ்சிவப்பு மஞ்சளாவதை அதுவே பார்க்கட்டும். மஞ்சளானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் மறுபடி சோதித்து, முடிவை அந்தப் போரின் மேலேயே எழுதிவைக்க உத்தரவிடுங்கள்.

பல்லில் கறை உள்ள பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பதைப் பள்ளிகளில் தாங்களும் பார்த்திருப்பீர்கள். ஒழுங்காகப் பல் துலக்கு என்று அவர்களிடம் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கறை துலக்காததால் வருவதல்ல. ஈறுக்குள் பல் உருவாகும் சிறு வயதிலேயே புளோரைடால் எனாமலில் விழுந்துவிடுவது, தேய்த்தால் போகாது. கூடத்தின் முதல் பலகையில் இதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். கட்டடத்துக்கு நிதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டத்திலிருந்து
ஒரு பெற்றோர்