யார் வாசலில் யார்?

நுழையும்முன்

மனிதர் வாழும் இடத்திற்குள் காட்டுயிர் நுழைந்துவிட்டது என்னும் செய்தியைக் கேட்டவுடன் அச்சம் எழுகிறது. அந்த இடம் அதற்குமுன் எந்த உயிருக்கு உரியதாக இருந்தது என்னும் வினா எழுவதில்லை. அழிவின் விளிம்பிலிருந்து மீண்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களில் பரவி வாழும் அலிகேட்டர் என்னும் முதலையினத்தின் வரலாறு அவ்வினாவை எழுப்புகிறது. அவ்வுயிரோடு ஒரே கரையில் வாழ்வதற்கு மனிதர் கற்கவேண்டியது என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குளக்கரையில் ஓர் அண்டை உயிர்

புளோரிடா மாநிலத்தின் புறநகர்க் குடியிருப்புகளில் வீடுகளுக்கு நடுவே குளங்கள் வெட்டப்பட்டிருக்கும். மழைநீர் தெருவில் தேங்காமல் வடிவதற்காக அமைக்கப்பட்டவை அவை. அத்தகைய குளங்களின் கரைப் புல்வெளியில் அலிகேட்டர் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருப்பது அங்கு அரிய காட்சியன்று. கவுண்டி எனப்படும் 67 ஆட்சிப் பகுதிகளைக் கொண்ட அம்மாநிலத்தில், அலிகேட்டர் இல்லாத பகுதி ஒன்றேனும் இல்லை. அங்கு வாழ்வன மட்டும் ஏறத்தாழ 13 இலட்சம் என அரசின் மீன்வள, வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டுள்ளது.

அகன்று உருண்ட முகமும் கருமை படர்ந்த உடலும் உடையது அலிகேட்டர். வாயை மூடியிருக்கும்போது அதன் கீழ்த்தாடைப் பற்கள் வெளியே தெரிவதில்லை. அமெரிக்காவிலும் சீனாவிலுமாக இன்று உலகில் இரண்டு அலிகேட்டர் இனங்களே எஞ்சியுள்ளன. பல்லியைக் குறிக்கும் இசுபானியச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது.

அழிவும் மீட்சியும்

இன்று இலட்சக்கணக்கில் வாழும் இவ்வுயிர், அரை நூற்றாண்டுக்கு முன்பு அழிந்துவிடுமோ என்னும் நிலையில் இருந்தது. காலணிக்கும் கைப்பைக்கும் இடுப்புவாருக்கும் அதன் தோல் விரும்பப்பட்டதால் கட்டுப்பாடின்றி வேட்டையாடப்பட்டது. சதுப்புநிலங்களை வடித்து வயலாகவும் நகராகவும் மாற்றியதால் வாழிடமும் சுருங்கியது. புளோரிடாவின் எவர்கிளேட்சு என்னும் பெருஞ்சதுப்புநிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு இவ்வாறு மறைந்துபோனது.

இந்நிலையில் சட்டம் துணைக்கு வந்தது. லூசியானா மாநிலம் 1962ஆம் ஆண்டு வேட்டையை நிறுத்தியது. 1967இல் அலிகேட்டர் அழிநிலை உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முறைகேடாகப் பிடித்த விலங்கின் தோலை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசென்று விற்பதை 1969ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடுத்தது. வாங்குவோர் குறைந்தனர், வேட்டையும் குறைந்தது. இருபது ஆண்டுகளில், அதாவது 1987இல், அலிகேட்டர் முழுமையாக மீண்டுவிட்டதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. தென்கிழக்கு மாநிலங்கள் அனைத்திலுமாக இன்று ஏறத்தாழ 50 இலட்சம் அலிகேட்டர்கள் உள்ளன. மனிதர் தம் பிழையை உணர்ந்து காலத்தோடு திருத்திக்கொண்டால் இயற்கை மீளும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்பது அரிது.

புதிய நீரா, பழைய நீரா?

எண்ணிக்கை பெருகியதும் அலிகேட்டர்கள் எதிர்பாராத இடங்களில் தென்படலாயின. கழிமுகங்களிலும் கடற்கரையிலும் அவை காணப்பட்டன. உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் நன்கு செயல்படாமையால் கடல்நீரில் அவற்றால் நெடுநாள் தங்க இயலாது. ஆயினும் உவர்நீரில் இறங்கி நண்டையும் சிறு சுறாவையும் உண்டு, நன்னீருக்குத் திரும்புகின்றன. இடம் போதாமையால் அவை அயல் நிலங்களுக்குள் புகுகின்றன என்றே பலரும் கருதினர்.

டியூக் பல்கலைக்கழகத்தின் பிரையன் சில்லிமனும் உடன் ஆய்ந்தோரும் 2018இல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். அறிவியலார் அலிகேட்டரை ஆராயத் தொடங்கியபோதே அது பெரும்பாலான இடங்களில் அழிக்கப்பட்டிருந்தது. எஞ்சியவை ஒளிந்திருந்த சதுப்பு மட்டுமே அதன் இயற்கை வாழிடம் என அவர்கள் முடிவு செய்துவிட்டனர். இன்று அது கடலோரம் வருவது படையெடுப்பு அன்று. முன்பு வாழ்ந்த இடத்திற்குத் திரும்பி வருதல் என்பதே அவ்வாய்வின் கருத்து.

எல்லா இடத்திற்கும் இவ்விளக்கம் பொருந்தும் எனக் கூற இயலாது. டென்னசி மாநிலத்தின் தென்மேற்கு எல்லையில் அண்மைக்காலத்தில் காணப்பட்ட அலிகேட்டர்கள், தெற்கிலிருந்து இயல்பாகப் பரவி வருவன என்று அம்மாநில வனவிலங்குத் துறை தெரிவிக்கிறது. குளிர் மிகுந்த வடகரோலினாவிலோ, நீர் உறையும்போது மூக்கின் நுனியை மட்டும் பனிப்பாளத்திற்கு மேலே நீட்டி மூச்சுவிட்டபடி அவை காத்துக்கிடக்கின்றன. தாங்கிக்கொள்ளும் ஆற்றல் உடைய உயிர் பரவத்தான் செய்யும்.

ஆனால், பரவியது அலிகேட்டர் மட்டும்தானா? 1950இல் புளோரிடாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 28 இலட்சம். 2020இல் அது 2 கோடியே 15 இலட்சத்தைத் தாண்டியது. எழுபது ஆண்டுகளில் ஏழு மடங்குக்கும் மேலான பெருக்கம் இது. சதுப்பைத் தூர்த்து வீடு கட்டியவர், அவ்வீட்டின் முன் குளமும் வெட்டிவைத்தார். அக்குளத்தில் அலிகேட்டர் வந்து தங்கினால், யார் வாசலுக்கு யார் வந்தார் என்று எண்ணிப் பார்ப்பதே நேர்மை.

நீர்நிலைக்கு ஆற்றும் உதவி

அலிகேட்டர் நீரில் வாழும் உயிர் மட்டுமன்று. நீரைக் காக்கும் உயிரும் ஆகும். எவர்கிளேட்சுப் பகுதியில் அது வாயாலும் காலாலும் வாலாலும் சேற்றை அகற்றிப் பள்ளம் உண்டாக்குகிறது. வறட்சிக் காலத்தில் சுற்றிலும் நிலம் காய்ந்தாலும் அப்பள்ளத்தில் நீர் எஞ்சி நிற்கும். மீன்களும் ஆமைகளும் பறவைகளும் அங்கே ஒதுங்கி உயிர் பிழைக்கின்றன. நீர்ப்பறவைகள் அலிகேட்டர் வாழும் நீருக்கு மேலுள்ள மரங்களில் கூடு கட்டுவதும் உண்டு. முட்டை தேடி மரமேறும் ரக்கூன் போன்ற விலங்குகள் அந்நீரைக் கடக்க அஞ்சும் என்பதே காரணம். ஒரு கொன்றுண்ணியை நீக்கினால் அதனால் வாழும் உயிர்கள் பலவும் துணையிழக்கும்.

அச்சத்தின் நியாயம்

இவ்வளவும் உண்மையாயினும், அலிகேட்டரை அஞ்சுவோரை அறியாதவர் என ஒதுக்குவது தகாது. 2016இல் புளோரிடாவின் சுற்றுலா விடுதி ஒன்றில், செயற்கை ஏரியின் கரையில் நின்ற இரண்டு வயதுக் குழந்தையை அலிகேட்டர் நீருக்குள் இழுத்துச் சென்றது, குழந்தை உயிரிழந்தது. நீந்தக்கூடாது என்று எழுதிய பலகை அங்கே இருந்தது. நீரில் அலிகேட்டர் உண்டு என்று எச்சரிக்கும் பலகை இல்லை. தடுப்பும் எச்சரிக்கையும் அதன் பின்னரே அமைக்கப்பட்டன.

மாநிலத்தில் வாழும் ஒருவர், தூண்டுதல் ஏதுமின்றி அலிகேட்டரால் கடும் காயம் அடையும் வாய்ப்பு ஏறத்தாழ 31 இலட்சத்தில் ஒன்று என்று ஆணையம் கணக்கிடுகிறது. அக்கணக்கு ஊருக்கு ஆறுதல் அளிக்கலாம். பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அளிக்காது. ஆகவே, உடன்வாழ்தலைப் பற்றிப் பேசுவோர் இடர் இல்லை எனச் சொல்லி மழுப்பலாகாது. இடர் இன்னது, அது இன்ன இடத்தில், இன்ன பொழுதில் மிகும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் பொறுப்புடைமை. அந்தியிலிருந்து விடியல்வரை அலிகேட்டர் மிகுந்த இயக்கத்துடன் இரை தேடும் என்னும் ஒரு செய்தியை அறிந்திருப்பதே உயிர் காக்கும்.

இரக்கத்தின் பிழை

அச்சத்தைப் போலவே அறிவற்ற அன்பும் தீங்கு செய்யும். குளக்கரையில் படுத்திருக்கும் அலிகேட்டருக்கு இறைச்சித் துண்டையோ ரொட்டியையோ வீசுவோர் உளர். இயல்பாக மனிதரைக் கண்டு விலகும் அவ்வுயிர், அதன்பின் மனிதரைக் கண்டால் உணவு வரும் எனக் கற்றுக்கொள்கிறது. விலகுவதற்கு மாறாக நெருங்குகிறது. அடுத்து அக்கரைக்கு வருவது ஒரு சிறுவனாகவும் இருக்கலாம். எனவேதான் அலிகேட்டருக்கு உணவிடுவது புளோரிடாவில் சட்டப்படி குற்றமாகும்.

அவ்வாறு பழகிவிட்ட விலங்கை வேறிடத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன என்று கேட்கலாம். விட்ட இடத்திலிருந்து பழைய இடம் தேடித் திரும்பும் இயல்பு அதற்கு உண்டு. திரும்பும் வழியில் சாலைகளையும் ஊர்களையும் கடக்கும். ஆகையால், நான்கு அடிக்கு மேற்பட்டு, மக்களுக்கு அச்சுறுத்தலாகிவிட்ட அலிகேட்டர்களை உரிமம் பெற்றோர் பிடித்துப் பெரும்பாலும் கொன்றுவிடுகின்றனர். வேடிக்கைக்காக ஒருவர் வீசிய உணவுக்கு அவ்விலங்கு தன் உயிரை விலையாகக் கொடுக்கிறது. உணவிட்டவரின் பெயர் எவருக்கும் தெரிவதில்லை.

கொள்ளிடக் கரையிலும்

இது கடல் கடந்த நாட்டின் சிக்கல் மட்டுமன்று. அலிகேட்டர் இந்தியாவில் இல்லை. ஆனால் அதன் உறவாகிய சதுப்புநில முதலை தமிழகத்தில் உண்டு. முதலை, இடங்கர், கராம் என வெவ்வேறு பெயரிட்டு வழங்கும் அளவிற்கு இவ்வினத்தைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர். குறிஞ்சிப்பாட்டில் இம்மூன்றும் இடம்பெறுகின்றன. இன்றும் கொள்ளிடத்திலும் அதனைச் சார்ந்த வாய்க்கால்களிலும் முதலைகள் வாழ்கின்றன. சிதம்பரம் வட்டாரச் சிற்றூர்களில் அவற்றால் தாக்குண்டோர் உளர்.

இவ்விரு கரைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. புளோரிடாவின் குடியிருப்பில் வாழ்பவருக்கு நீர்க்கரை பெரும்பாலும் பொழுதுபோக்கும் இடம். கொள்ளிடக் கரையில் வாழ்பவருக்கு அது குளிக்கும் துறை, துணி வெளுக்கும் படி, மாட்டைக் கழுவும் இடம், மீன்பிடித்துப் பிழைக்கும் களம். அவரிடம் தண்ணீரில் இறங்காதே என்று மட்டும் சொல்வது அறிவுரையாகுமே தவிர உதவியாகாது. துறையைச் சுற்றி வலுவான கம்பித் தடுப்பு, வீட்டருகே குழாய்நீர், தாக்குண்டோர்க்குக் காலத்தே இழப்பீடு ஆகியன கிடைத்தால்தான் முதலையைக் காப்போம் என்னும் சொல் அவர் செவியில் ஏறும். உயிரினத்தைக் காக்கும் பொறுப்பு நாட்டுக்கு உரியது. அதன் சுமையை மட்டும் ஆற்றங்கரை ஏழைகளின் தோளில் ஏற்றுவது அறமாகாது.

இடனறிதல்

ஆழ்ந்த நீருக்குள் முதலையே வெல்லும். நீரைவிட்டு நீங்கினால் பிற உயிர்கள் அதனை வெல்லும் என்பது வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் உரைத்த கருத்து. போர்க்களம் காணும் வேந்தனுக்குச் சொன்ன அவ்வுண்மை, அண்டை உயிரோடு வாழக் கற்கும் குடிமக்களுக்கும் பொருந்துகிறது. நீர் அதன் இடம். கரை பலருக்கும் பொது. வீடு மனிதருடைய இடம். இவ்வெல்லையை உணர்ந்து நடப்பதே உடன்வாழ்தல். அலிகேட்டருக்கு எல்லையைக் கற்பிக்க எவராலும் இயலாது. கற்கும் ஆற்றல் பெற்றவர் மனிதரே ஆதலால், கற்கும் கடமையும் அவருக்கே உரியது.

அழித்தொழித்தல் எளிது, முற்காலத்தவர் அதைச் செய்துகாட்டினர். பட்டியலிட்டுக் காப்பதும் இயலும். பின்வந்தோர் அதையும் செய்துகாட்டினர். மீண்டு வந்த உயிருக்கு உரிய இடத்தை விட்டுக்கொடுத்து, தம் பிள்ளைகளையும் காத்துக்கொண்டு, ஒரே கரையில் வாழ்வதே இனிவரும் தலைமுறையின் முன் நிற்கும் பணி. அப்பணி, இறங்கும் முன் நீரைப் பார்ப்பதில் தொடங்குகிறது.